சேலம் சீமைக் காவல் கதை – 7: ஐம்பது ரூபாய் அபராதம்

தரோகாவை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு, அவர் கையில் இருந்த தடியைத் தாசில்தாரிடம் கொடுத்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

அந்த இதழைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த சீமைகளில் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்தை ஏற்றார். அவருக்கு உதவியாக மூன்று பட்டாளத்து அதிகாரிகள். வடக்கே கிரகாம், நடுவே தர்மபுரியில் தாமஸ் மன்றோ, தெற்கே வில்லியம் மெக்லியோடு. மெக்லியோடின் பங்குக்குத் தாலகாட் என்று பெயர். கணவாய்க்குக் கீழே விரியும் சமவெளி அது: சேலம், ராசிபுரம், நாமக்கல், பரமத்தி, திருச்செங்கோடு, சங்ககிரி.

பத்தாண்டு கழித்து, 1802-இல், வங்காளத்துப் பாணியில் தரோகா என்ற போலீஸ் அதிகாரி வந்தார். ஊர்க்காவல்காரரின் பழைய உரிமை போயிற்று. தரோகாவுக்கோ ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. களவு குறையவில்லை. 1814-இல் மன்றோ மறுபடி மதராஸுக்கு வந்து விசாரித்து, 1816-இல் தரோகா முறையையே எடுத்துவிட்டார்.

எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தது எதை? இந்த வாரக் கதை அங்கே தொடங்குகிறது.

* * *

1816-ஆம் ஆண்டின் பதினோராவது ரெகுலேஷன் கிராமத்தில் மணியக்காரரைப் போலீசாக்கியது. தலையாரி அவருக்குக் கீழ். தாலுகாவில் தாசில்தார் போலீஸ் தலைவர் ஆனார். மாவட்டத்தில் கலெக்டரே மாஜிஸ்திரேட். அடியிலிருந்து உச்சி வரை, வரி வாங்குகிறவர் எவரோ அவரே திருடனையும் பிடிப்பார்.

சில்லறை அடிதடி, வசவு வழக்குகளை மணியக்காரரே முடித்துக்கொள்ளலாம். குற்றவாளியைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்துவைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ‘கீழ்ச்சாதி’ என்று சட்டம் குறித்தவர்களாக இருந்தால், தொழுமரத்தில் காலை மாட்டி ஆறு மணி நேரம் வரை உட்காரவைக்கலாம். அச்சடித்த சட்டத்திலேயே சாதிக்கொரு தண்டனை. ஊர் வழக்கத்தை மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்த சீர்திருத்தம், வழக்கத்தோடு இதையும் சேர்த்துத்தான் மதித்தது.

மன்றோவின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தர்மபுரியில் ஏழு ஆண்டு கிராமம் கிராமமாகக் குதிரையில் சுற்றிய மனிதர் அவர். யார் வீட்டில் எத்தனை மாடு, எவன் ராத்திரியில் வெளியே போகிறவன் என்பதெல்லாம் மணியக்காரருக்கும் தலையாரிக்கும் தெரிந்த அளவு எந்தத் தரோகாவுக்கும் தெரியாது என்று கண்ணால் கண்டவர். உள்ளூர்க்காரனிடம் காவலைக் கொடு என்றார். அதுவரைக்கும் சரி.

ஆனால் அந்த உள்ளூர்க்காரன்தான் கிஸ்தியும் வாங்குகிறான் என்பதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஆளிடம் இரண்டு அதிகாரமும் இருந்தால் வேலை சுலபமாக நடக்கும், செலவும் குறையும் என்று நினைத்தார்.

வேலை சுலபமாகத்தான் நடந்தது.

* * *

இதில் சேலத்துக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. பள்ளிக்கூடப் பாடத்தில் ரயத்துவாரி முறை என்று படித்தோமே, அது தவழ்ந்து பழகிய மண் இதுதான். ரீடும் மன்றோவும் பாராமகாலில் நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல், குடியானவர் ஒவ்வொருவரோடும் சர்க்கார் நேரடியாகத் தீர்வை பேசும் வழக்கத்தை இங்கே ஏற்படுத்தினார்கள். பிறகு 1802-ஐ ஒட்டி மேலிடத்தின் உத்தரவால் நிலம் மிட்டா என்ற ஜமீன்களாக ஏலம் போனது. பல மிட்டாதார்கள் கட்ட முடியாமல் கைவிட்டதும், அந்த மிட்டாக்கள் திரும்பவும் சர்க்கார் கணக்கிலேயே வந்து விழுந்தன. இன்றும் சேலம், நாமக்கல் பக்கம் ‘மிட்டாதார் வீடு’ என்றால் வழி காட்டுவார்கள்.

குடியானவரோடு நேரடிக் கணக்கு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் என்ன அர்த்தம்? ஜமீன் இருந்தால் பாக்கிக்குச் சர்க்கார் ஜமீனைப் பிடிக்கும். ரயத்துவாரியில் ஆயிரக்கணக்கான பட்டாதாரர்களின் வாசலுக்கு ஆள் போக வேண்டும். அத்தனை வாசலுக்கும் போய் நிற்கச் சேவகர்கள் வேண்டும். அந்தச் சேவகர்கள் யார்? தாசில்தாரின் கீழ் இருந்த அதே போலீஸ் ஆட்கள்தான்.

திருட்டு விசாரணைக்குப் போன அதே ஆள் மறுநாள் கிஸ்தி பாக்கிக்கும் போனான். விசாரணையில் கற்ற வித்தையை வசூலிலும், வசூலில் கற்றதை விசாரணையிலும் காட்டினான்.

* * *

இனி வருவது ஒரு தனி மனிதரின் கதை அல்ல. 1855-இல் வெளிவந்த ஓர் அறிக்கையில் திரும்பத் திரும்ப வருகிற புகார்களைச் சேர்த்துவைத்தால் கிடைக்கும் காட்சி.

தாலுகா கச்சேரி. பங்குனி வெயில். சோளமும் கம்பும் போட்ட புன்செய்க்காரர் ஒருவர் நிற்கிறார். மழை பொய்த்த வருஷம். கவலை இறைத்த கிணறும் அடி தட்டிவிட்டது. பாக்கி ஒன்றும் பெரிய தொகை அல்ல. ஆனால் கையில் அதுவும் இல்லை.

முதலில் வெயிலில் நிற்கவைப்பார்கள். சாப்பிட விட மாட்டார்கள். வெளிக்குப் போகவும் விட மாட்டார்கள். அதற்கும் பணம் வராவிட்டால் கிட்டி. இரண்டு கட்டைகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, நடுவில் கைவிரல்களை வைத்து, மறுமுனையை நெருக்குவார்கள். சத்தம் போட்டால் இன்னும் நெருக்குவார்கள்.

அதற்கும் மசியாதவருக்கு அண்ணாந்தாள். பெயரைக் கேட்டு அண்ணாந்து பார்ப்பது என்று நினைக்க வேண்டாம். ஆளைக் குனியவைப்பது அது. அவருடைய துணியையே முறுக்கி, அல்லது வைக்கோல் பிரியைத் திரித்து, பிடரியின் மேலாகப் போட்டுக் கால் கட்டைவிரலுக்கு அடியில் கொடுத்து இழுத்துக் கட்டுவார்கள். முகம் முழங்காலைத் தொடும். அந்த நிலையில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். முதுகில் ஒரு கல் ஏறும். சில நேரம் கல்லுக்குப் பதிலாகச் சேவகரே ஏறி உட்காருவார்.

இரண்டு பேரின் குடுமியைச் சேர்த்து முடிவது, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது என்று அந்தப் பட்டியல் இன்னும் நீள்கிறது. படிக்கிறவர்களின் பொறுமையை உத்தேசித்து நிறுத்திக்கொள்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, பெரும்பாலும் இவை இருட்டறையில் நடக்கவில்லை என்பது. கச்சேரி வாசலில், மற்றக் குடியானவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தன. ஒருவர் குனிந்தால் பத்துப் பேர் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள்.

* * *

சரி, புகார் கொடுக்கலாமே?

கொடுக்கலாம். கலெக்டரைப் பார்க்க நாள்கணக்கில் நடந்து போக வேண்டும். போனாலும் பேட்டி எப்போது கிடைக்கும் என்று தெரியாது. போகும் செலவுக்குக் கடன், வேலை கெட்ட நாட்களுக்கு நஷ்டம். மனுவாக எழுதி அனுப்பினால் அதன் முதுகில் ஒரு குறிப்பு எழுதப்படும்: விசாரணைக்காகத் தாசில்தாருக்கு அனுப்பப்படுகிறது.

எந்தத் தாசில்தார்மீது புகாரோ, அதே தாசில்தார்.

ஒருவேளை கலெக்டரே நேரில் கேட்டு, குற்றம் நிரூபணம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் ஆள் ஒருவருக்கு மாஜிஸ்திரேட் தன் அதிகாரத்தில் கொடுக்கக்கூடிய உச்சபட்ச தண்டனை ஐம்பது ரூபாய் அபராதம், அல்லது ஒரு மாதக் காவல். அதற்கு மேல் வேண்டுமென்றால் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். சாட்சிகளும் அங்கே நடக்க வேண்டும்.

இன்னும் விசித்திரம், லஞ்சத்துக்கும் கையாடலுக்கும் 1822-இலும் 1828-இலும் போட்ட ரெகுலேஷன்கள் இருந்தன. அதிகாரி அடித்துப் பிடுங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டால் அவை பாயும். அடித்துப் பிடுங்கிச் சர்க்கார் கஜானாவில் கட்டினால்? அதைத் தண்டிக்க ரெவின்யூ சட்டத்தில் இடமே இல்லை. இந்த ரெகுலேஷன்களின் கீழ் மக்களில் எவரும் புகாரோடு வந்ததாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்று அறிக்கை எழுதியவர்களே ஒப்புக்கொண்டார்கள். எப்படி வருவார்கள்?

* * *

நாற்பது ஆண்டு இப்படியே போயிற்று. கதவு திறந்தது லண்டனில்.

திறக்கவைத்தவர்களில் ஒருவர் மதராஸ்காரர். கசுலு லட்சுமிநரசு செட்டி, துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். 1844 முதல் ‘கிரசென்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையை நடத்தியவர். 1852-இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கி, கும்பினி ஆட்சியின் குறைகளைப் பட்டியலிட்டுப் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார். அடுத்த ஆண்டு டான்பி சேமூர் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் இந்தியாவுக்கு வந்தபோது அவரை மதராஸ் மாகாணத்து உள்ளூர்களுக்கு அழைத்துக்கொண்டு போனார். மனுவில் எழுதியதைக் கண்ணில் காட்டினார்.

1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் வெடித்தது. மதராஸில் வரி வசூலுக்குச் சித்திரவதை நடக்கிறது என்று சேமூர் எழுந்து சொன்னார். கும்பினித் தரப்பினர் மறுத்தார்கள். மறுத்துப் பேசியதே வினையாயிற்று. இல்லை என்றால் விசாரித்துவிட வேண்டியதுதானே?

அந்த ஆண்டு செப்டம்பரில் கவர்னர் ஹாரிஸ் பிரபு மூன்று பேர் கொண்ட கமிஷனை நியமித்தார். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன். முன்னவர் இருவரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். நார்ட்டன் பாரிஸ்டர்; மதராஸ் நீதி நிர்வாகத்தைக் கிழித்து முந்தைய ஆண்டுதான் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். (பின்னாளில் அலிப்பூர் வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடிய ஏர்ட்லி நார்ட்டன் இவருடைய மகன். அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்.)

கமிஷன் மதராஸ் பட்டணத்தில் உட்கார்ந்தது. மாவட்டங்களுக்குப் போகவில்லை. சேலத்துக் குடியானவர் நேரில் சொல்ல வேண்டுமானால் இருநூறு மைலுக்கு மேல் வர வேண்டும். ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு முதல் ரயில் ஓடியதே 1856 ஜூலையில்தான். ஆகவே நடை, இல்லையென்றால் மாட்டுவண்டி.

அப்படியிருந்தும் மாகாணம் முழுவதிலிருந்தும் 519 பேர் நேரில் வந்தார்கள். 1,440 கடிதங்கள் வந்தன. மொத்தம் 1,959 புகார்கள். தாசில்தாரின் ஆட்கள் ஊரில் காத்திருப்பார்கள் என்று தெரிந்தும் வந்தவர்கள் இவர்கள். நம் தேசத்துப் போலீஸ் வரலாற்றை எழுதுகிறவர்கள் மன்றோவில் தொடங்கி, பின்னால் வரப்போகும் போலீஸ் தலைவர் ராபின்சனில் முடிப்பார்கள். எனக்கென்னவோ இந்த 519 பேரின் நடைதான் அந்த வரலாற்றின் நடுப்பக்கம் என்று படுகிறது.

* * *

1855 ஏப்ரல் 16. கமிஷன் அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்காகச் சித்திரவதை நடப்பது உண்மை, ஒப்புதல் வாக்குமூலம் வாங்கவும் நடக்கிறது, மாகாணத்தில் அது பரவலான வழக்கம். சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டார்கள்.

காரணத்தையும் தொட்டார்கள். வரியும் போலீசும் ஒரே கையில் இருக்கும்வரை இது நிற்காது, இரண்டையும் பிரிக்க வேண்டும். மன்றோ 1816-இல் போட்ட முடிச்சை அவிழ்க்கச் சொன்னது அந்த அறிக்கை.

ஆனால் ஓரிடத்தில் பேனா வளைந்தது. ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் உடந்தை இல்லை, மக்களும் அப்படி நினைக்கவில்லை, சொந்த நாட்டு உத்தியோகஸ்தர்களின் கொடுமையிலிருந்து காப்பாற்றும்படிதான் கேட்கிறார்கள் என்று எழுதினார்கள்.

வசதியான முடிவு. தாசில்தார் தன் மடிக்காகக் கிட்டி போட்டது உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜமாபந்தியில் கணக்கு முழுதாக வந்து விழ வேண்டும் என்று எதிர்பார்த்தது யார்? பஞ்ச காலத்திலும் பாக்கி இல்லாமல் வசூலித்துக் கொடுத்த தாசில்தாரைத் திறமைசாலி என்று எழுதி மேலே அனுப்பியது யார்? பணம் எப்படி வந்தது என்று கேட்காமல் இருப்பதும் ஒரு வகை உத்தரவுதான்.

இந்த ஓட்டையைக் கடல் கடந்து ஒருவர் பிடித்தார். 1857 செப்டம்பரில், சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்தபோது, ‘நியூயார்க் டெய்லி டிரிபியூன்’ இதழில் கார்ல் மார்க்ஸ் இதே அறிக்கையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். சிப்பாய்களின் கொடூரத்தைப் பற்றி இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், கும்பினியின் சொந்த அறிக்கையிலிருந்தே சாட்சி எடுத்து நீட்டினார். கச்சேரி வாசலில் குனிந்த குடியானவரின் கதை அட்லாண்டிக் தாண்டி அச்சேறியது இப்படித்தான்.

* * *

அறிக்கை 1855. வரியையும் போலீசையும் பிரித்த சட்டம் 1859. இடையில் நாலு ஆண்டு ஏன்?

காசுதான் முதல் காரணம். தனிப் போலீஸ் என்றால் தனிச் சம்பளம், தனி அதிகாரிகள், தனிக் கட்டடம். 1856-இல் கும்பினியின் லண்டன் டைரக்டர்களே இந்தியப் போலீஸ் பயனற்றுக் கிடக்கிறது, சீர்திருத்துங்கள் என்று எழுதிய பிறகும் கோப்பு ஊர்ந்தது. 1857 வந்தது. எல்லாக் கோப்புகளும் ஓடத் தொடங்கின. பட்டாளத்தை மட்டும் நம்பி நாட்டை வைத்திருக்க முடியாது என்று மீரட்டும் டெல்லியும் சொல்லிவிட்டன. உள்நாட்டில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள, பட்டாளமாகவும் இல்லாமல் வரிச் சேவகனாகவும் இல்லாமல் ஒரு மூன்றாவது படை வேண்டும்.

குடியானவர் பட்ட அடி அறிக்கையைத்தான் பெற்றுத் தந்தது. சட்டத்தைப் பெற்றுத் தந்தது கலகம். இரண்டுக்கும் பிறந்த பிள்ளை நம் போலீஸ். அப்பன் பாதியும் அம்மா பாதியுமாகத்தான் இன்றுவரை நடந்துகொள்கிறது.

1858-இல் வில்லியம் ராபின்சன் மாகாணப் போலீஸ் தலைவராக நியமிக்கப்பட்டார். 1859-இல் இருபத்து நான்காவது சட்டம் நிறைவேறியது. மாகாணத்துக்கு ஓர் இன்ஸ்பெக்டர் ஜெனரல். மாவட்டத்துக்கு ஒரு சூப்பரின்டெண்டென்ட். அவருக்குக் கீழ் இன்ஸ்பெக்டர்கள், அவர்களுக்குக் கீழ் கான்ஸ்டபிள்கள். தாசில்தாருக்கு இனி இவர்கள்மீது அதிகாரம் இல்லை. கிஸ்தி வசூலில் இவர்களுக்கு வேலையும் இல்லை.

லண்டன் மாநகரப் போலீஸ் 1829-இல் பிறந்தது. அயர்லாந்தில் துப்பாக்கி ஏந்திய கான்ஸ்டபுலரி இருந்தது. 1843-இல் சிந்துவைப் பிடித்த நேப்பியர் அந்த அயர்லாந்துப் பாணியை அங்கே நட்டார். ராபின்சனுக்கு முன்மாதிரிகளுக்குப் பஞ்சம் இல்லை. 1860-இல் அகில இந்தியாவுக்கும் போலீஸ் சட்டம் வகுக்கக் குழு அமைத்தபோது அதில் அவரும் இருந்தார். 1861-இன் இந்தியப் போலீஸ் சட்டம் அங்கே பிறந்தது. மதராஸ் மட்டும் தன் 1859 சட்டத்தையே வைத்துக்கொண்டது. தமிழ்நாடு மாவட்டக் காவல் சட்டம், 1859 என்ற பெயரில் இன்றைக்கும் நம்மை ஆள்வது அதுதான்.

* * *

போலீஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு உலகத்தில் ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் பழைய பயத்துக்குத் தக்கபடி அமைத்துக்கொள்கிறது. தென் அமெரிக்காவைப் பாருங்கள். பிரேசிலில் சீருடையோடு ரோந்து சுற்றுவது ‘ராணுவப் போலீஸ்’ என்ற ஒரு படை. குற்றத்தைத் துப்புத் துலக்குவது ‘சிவில் போலீஸ்’ என்ற வேறொரு படை. இரண்டும் மாநில ஆளுநரின் கீழ்தான். சிலியில் 1927-இல் பல படைகளை ஒன்றாக்கி நாடு முழுவதற்கும் கராபினேரோஸ் என்று ஒரே சீருடைப் படை வைத்தார்கள். கொலம்பியாவில் தேசியப் போலீஸ் பாதுகாப்பு அமைச்சகத்தோடு சேர்ந்தது. அங்கெல்லாம் போராட்டம் போலீசைப் பட்டாளத்திடமிருந்து பிரிப்பது பற்றி. நமக்குப் போராட்டம் வரிக் கச்சேரியிடமிருந்து பிரிப்பது பற்றியதாக இருந்தது.

* * *

பிரித்தார்கள். முழுதாகப் பிரிந்ததா?

கலெக்டர் மாஜிஸ்திரேட்டாகவே நீடித்தார். கிராமத்தில் மணியக்காரரும் தலையாரியும் அப்படியே இருந்தார்கள். 1816-இன் ஊர் அமைப்பின்மேல் 1859-இன் கூரை ஏறியது, அவ்வளவுதான். புதிய கான்ஸ்டபிள் ஊருக்குள் வந்தால் முதலில் தேடியது தலையாரியைத்தான். பரம்பரையாக வந்த கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிந்தது 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில். தாலுகா ஊர்கள் பலவற்றில் தாலுகா ஆபீஸ், கருவூலம், கிளைச் சிறை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ஒரே குடும்பமாக இருந்து பாகம் பிரித்துக்கொண்ட வீடுகள் அவை.

சட்டத்திலும் தழும்பு இருக்கிறது. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 330-ஆம் பிரிவு, வாக்குமூலத்துக்காகவோ சொத்துக்காகவோ ஒருவரைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியது. அங்கே உதாரணமாகக் காட்டிய ஆட்கள் யார் தெரியுமா? குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சித்திரவதை செய்யும் போலீஸ் அதிகாரி ஒருவர். தீர்வை பாக்கிக்காகச் சித்திரவதை செய்யும் ரெவின்யூ அதிகாரி இன்னொருவர். 1872-இன் சாட்சியச் சட்டம் ஒரு படி மேலே போய், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்றது. தான் உண்டாக்கிய போலீசைத் தானே நம்பாத சர்க்கார் அது. அந்த விதி இன்றும் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று மாறியது. தலையாரி வேலை பிறப்பால் வந்தது. கான்ஸ்டபிள் வேலை சம்பளத்துக்கு வந்தது. சீருடை, மாதச் சம்பளம், இட மாற்றல் என்று ஒரு புதிய உத்தியோக வர்க்கம் இந்தச் சமவெளியில் முளைத்தது. காவிரிக் கரையில் மோகனூரில் அப்படிப் போலீஸ் வேலை பார்த்த வெங்கடராமனுக்கு 1888-இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பின்னாளில் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டு எழுதிச் சிறைக்கும் போன நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை அவர்தான்.

இன்று நாமக்கல் எஸ்.பி., சேலம் சரக டி.ஐ.ஜி., கோவையில் மேற்கு மண்டல ஐ.ஜி. என்று ஏறிப் போகும் படிக்கட்டின் அஸ்திவாரம் 1859-இல் போட்டது. தாசில்தார் பெயர் அதில் எங்கும் இல்லை. குனியவைத்த கையிலிருந்து தடியைப் பிடுங்கியாகிவிட்டது.

பிடுங்கியதைப் புதுக் கை எப்படிப் பிடிக்கும்? அதற்குச் சோதனை வர இருபத்து மூன்று ஆண்டு ஆயிற்று. 1882-இல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஊர்வலம் போகும் பாதையில் ஒரு மசூதி எழும்பியது. ஊர் இரண்டாகப் பிரிந்து கலவரம் மூண்டது. கலவரத்தைத் தூண்டியதாகச் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கி ஓராண்டே ஆன முப்பது வயது நகராட்சி உறுப்பினர் ஒருவர் கைதானார். சாட்சிகள் வந்தார்கள், கை காட்டினார்கள், பத்தாண்டுத் தண்டனை விழுந்தது. அவர் பெயர் சி. விஜயராகவாச்சாரியார்.

சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்படியானால் கீழ்க் கோர்ட்டில் அவரைக் கை காட்டிய சாட்சிகளைத் திரட்டி நிறுத்தியது யார்?

(அடுத்த வாரம்: செவ்வாய்ப்பேட்டை, 1882)